பட்டறை வாசலில் பழைய சார்

நன்னடத்தை அலுவலராக அவள் வேலையில் சேர்ந்தபோது, நாற்காலியின் கைப்பிடியில் பழைய அலுவலரின் விரல்கள் தேய்த்த வழவழப்பு அப்படியே இருந்தது. மனிதர் பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் இவளிடம் வந்து தலையைக் காட்டினார்கள். அவர்களில் ஒரு வெல்டர் மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு கடையின் பூட்டை உடைத்துத் திருடியவன். முதல் குற்றம் என்பதால் நீதிபதி அவனை ஜெயிலுக்கு அனுப்பாமல், அலுவலரின் கண்காணிப்பில் வெளியே விட்டிருந்தார். இப்போது அந்த உத்தரவில் அலுவலராக இவளை நியமித்தாயிற்று. 'வரவில்லை' என்று இவள் எழுதினால் போதும், அவன் உள்ளே போய்விடுவான்.

எழுத மனசு வரவில்லை. சாயங்காலம் அவன் பட்டறைக்கே போய் வாசலில் நின்றாள்.

"ஏம்பா, கூப்பிட்டா வரமாட்டியா? மாப்பிள்ளை முறுக்கா?"

அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "ஒருத்தனுக்கு ரெண்டு ஆபீசரா மேடம்? சட்டத்துல அப்படி இருக்கா?"

"இன்னொருத்தர் யாரு?"

"சார்தான். இன்னும் வந்துட்டுதான இருக்காரு."

சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை. "அவர் செத்துப் போயிட்டாருப்பா."

"தெரியும். பாடை தூக்குனதுல நானும் ஒருத்தன்." கையிலிருந்த வெல்டிங் ராடைக் கீழே வைத்தான். "தினமும் லைட்டு போடற நேரத்துக்கு வந்து நிப்பாரு. ஒண்ணும் பேசமாட்டாரு. உசுரோட இருந்தப்பவும் அப்படித்தான், என் கையையே பாத்துட்டு நிப்பாரு. அவர் பாத்துட்டிருக்கும்போது நான் வேற ஒருத்தர்கிட்ட வந்து நின்னா, 'யோவ், நீ செத்துட்ட'ன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி இல்ல?"

ஐயோ, இதை எந்தத் தாளில், எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"நீ வரலன்னா நான் எழுதித்தான் ஆகணும். உன்னை உள்ள வச்சிருவாங்க. அங்கயும் சார் வருவாரா?"

அவன் முகம் சுருங்கிப்போனது. "மாட்டாரு. நான் அந்தப் பக்கமே போகக்கூடாதுன்னுதான ஜட்ஜுகிட்ட அவ்வளவு பேசினாரு."

அவன் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போனது.

"மேடம், கொஞ்சம் தள்ளுங்க. மறைக்கிறீங்க."

அவள் சட்டென்று உள்ளே நகர்ந்தாள். பிடரி சில்லிட்டது, திரும்பவில்லை. அவன் வெறும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் நிறைந்துவிட்டது.

"சரி சார்," என்றான் மெதுவாக.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "நாளைக்கு எப்ப வரணும் மேடம்?"

"காலைல வா," என்றாள் அவள். வெளியே போக வேறு வழி இருக்கிறதா என்று பட்டறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.