பதினோரு விநாடி நடை

பழைய கல்யாண கேசட்டைப் போனில் பார்க்கிற மாதிரி மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. நன்றாக வந்தால் கேமராவுக்குப் பேர், கெட்டுப்போனால் எனக்குத் திட்டு. பீரோவில் கேசட் வைத்திருக்கிற உங்களுக்கும் இந்தப் பாடு ஒருநாள் உண்டு.

கிழிந்த ஆள்

வண்டிப்பெரியாரில் என் கடைக்கு, தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிற செல்வி ஒரு கேசட்டோடு வந்தாள். எஸ்டேட் குடியிருப்பில் பக்கத்து லயத்துக் கல்யாணம். இருபது வருஷத்துக்கு முன்னால் நானே எடுத்தது. இரவல் வாங்கி வந்திருக்கிறாள். அதில் ஓரிடத்தில் அவள் புருஷன் தங்கராசு, மணமேடைக்குப் பின்னால் இரண்டு கையிலும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறான். பதினோரு விநாடி. அவன் அசைகிற படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அடுத்த மாசமே இறந்துபோனான். மகன் அப்போது வயிற்றில். இப்போது துபாயில் இருக்கும் அந்தப் பிள்ளை, அப்பா நடக்கிறதைப் பார்க்கணும் என்கிறான்.

அந்தக் காலத்துக் கேமரா ஒவ்வொரு படத்தையும் ஒன்றுவிட்டு ஒரு கோடாக, இரண்டு பாதியாகப் பிடிக்கும். அந்தக் காலத்து டிவியில் அது தெரியாது; போனில் ஆள் அசைந்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும். தெரிந்திருந்தும் அவசரத்தில் அப்படியே இணையத்தில் ஏற்றி லிங்க்கை அனுப்பிவிட்டேன். மறுநாள் செல்வி வந்து நின்றாள்.

"நின்னா நல்லாத்தான்ணே இருக்காரு. நடந்தாத்தான் கிழிஞ்சு போறாரு."

போன் நிறைய

கோடுகளைச் சரிபண்ணினேன். அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். பழைய படம் சதுரமாக இருக்கிறதே, போனைப் படுக்கவைத்தால் திரை நிறையத் தெரியட்டும் என்று மேலேயும் கீழேயும் கொஞ்சம் வெட்டினேன். மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில் ஜம்மென்று இருந்தார்கள். பின்னால் போகிறவனை நான் பார்க்கவே இல்லை. யாருக்காக இந்த வேலை என்பதையே மறந்திருக்கிறேன், பாருங்கள்.

"நாக்காலி வந்துருச்சுண்ணே. மூஞ்சி வரல."

இன்னும் கொஞ்சம்

மூன்றாம் தரம் ஓர் ஓரத்தையும் தொடவில்லை. செல்வி கடையிலேயே உட்கார்ந்திருந்தாள்; மகன் போன் லைனில் இருந்தபடி அங்கே படத்தைப் பார்த்தான். "அப்பா ஏம்மா இவ்வளவு வேகமாப் போறாரு?" என்றான். "பந்திக்கு நாக்காலி பத்தலப்பா" என்று சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் தோன்றியது. இத்தனை நாள் என் உயிரை வாங்கிய அந்தப் பாதிப் பாதிப் படங்களைத் தனித்தனி முழுப் படமாக்கினால் எண்ணிக்கை இரண்டு மடங்காகும், பாதி வேகத்தில் ஓடவிட்டாலும் தத்தாது. செய்தேன். தங்கராசு இருபத்திரண்டு விநாடி நடந்தான். செல்வி ஏழெட்டுத் தடவை பார்த்தாள்.

"போதும்னு சொல்ல மனசு வரலண்ணே. இன்னும் கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லுண்ணே."

இதற்கு மேல் இழுத்தால் படம் தத்தும்; என்ன மென்பொருள் வந்து என்ன, மாப்பிள்ளை மாலையையே படம்பிடித்துக்கொண்டிருந்த இந்த மகாகெட்டிக்காரன் அன்றைக்குக் கேமராவை ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திருப்பியிருக்க வேண்டும்.