கணு இல்லாத பலகை

என் புருஷன் சாலமோனிடம் மரத்தைப் பற்றி யாரும் வாய் திறந்துவிட முடியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இயந்திரங்களை ஏற்றி அனுப்ப மரப்பெட்டி அடிக்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம். அந்தத் திமிர்தான் எங்களைக் கவிழ்த்தது.

எங்கள் மகள் மெர்சி பழவேற்காட்டுக் கடலில் இரவல் சர்ஃபிங் போர்டில் அலை ஏறிப் பழகியவள். கோவளத்து சர்ஃபிங் கிளப்பில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தேர்வு வந்தது. ஜெயித்தால் அங்கேயே தங்கிப் பயிற்சி, படிப்பு எல்லாம் கிளப் பார்த்துக்கொள்ளும். வயதுக் கணக்கில் அவளுக்கு அதுதான் கடைசி. "தோத்துட்டா கம்பெனி வேலைக்குப் போய்டணும், அப்பால பேச்சே கூடாது" என்று நிபந்தனை போட்டவள் நான்தான். என் வாயில் கொள்ளி வைக்க!

சொந்த போர்டு வேண்டும் என்றார்கள். தானே செய்வதாக சாலமோன் கிளம்பினார். பேக்கிங் தெர்மாகோலை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவில் தலையிலிருந்து வால்வரை மெல்லிய மரச்சட்டம் ஒன்றை வைத்து ஒட்ட வேண்டும். போர்டுக்கு அதுதான் முதுகெலும்பு. ஆறடிக்கு வேண்டும், கம்பெனியில் கழித்துப் போடுகிற பைன் துண்டுகளோ நாலடி தாண்டாது. ஒரு மாதம் குப்பையைக் கிளறினார். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். மரத்தின் ரேகை வளைந்திருந்தால் வீசுவார், கணு இருந்தால் வீசுவார். கடைசியில் இரண்டு தேறின. முனைகளை நீளச் சாய்வாக இழைத்து, எபாக்ஸி பசை தடவி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினார்.

அப்புறம் ஒட்டு பிடிக்கக் கிளாம்பை மாட்டி முறுக்கினார். பெட்டி அடித்த கை அல்லவா, இறுக்கினால்தான் அதற்கு உறுதி. பசை பிதுங்கி வழிய, துடைத்துவிட்டு மறுபடியும் முறுக்கினார்.

"போதும் நைனா, பசையெல்லாம் வெளிய வருது" என்றாள் மெர்சி.

"உனக்கு இன்னாடி தெரியும்? ஊசி நுழையாது பாரு, அப்டி கீது!" என்று சிரித்தார் சாலமோன்.

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

தேர்வன்று இரண்டாவது அலையிலேயே போர்டு நடுவில் இரண்டாகப் போனது. மெர்சிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அங்கே போர்டு செய்கிற ஒருவர் உடைந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தார். மரம் முறியவில்லை, ஒட்டுதான் விட்டிருந்தது. "உள்ள பசையே இல்லியேண்ணே. மொத்தத்தையும் பிதுக்கிட்டீங்க. லேசா புடிச்சிருந்தா போதுமே" என்றார். சாலமோன் அந்த இரண்டு முனைகளையும் விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று அக்கம்பக்கத்தில் ஆறுதல் சொன்னார்கள். சறுக்கியது யானை, நசுங்கியது என் பெண். அவள் அழவும் இல்லை, அப்பனை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும். "வேணாம்டி, அந்தப் பேச்சை உடு" என்று நானே கெஞ்சினேன். "சொன்னது சொன்னதுதாம்மா" என்று, அப்பன் கம்பெனிக்கே காண்ட்ராக்டில் பெட்டி அடிக்கப் போய்விட்டாள்.

போன வாரம் நடந்ததை சாலமோன்தான் வந்து சொன்னார். லோடில் ஏழடிப் பலகை ஒன்று வந்ததாம். நேர் ரேகை, ஒரு கணு கிடையாது. சுவரோரம் ஒளித்து வைத்து மெர்சியைக் கூப்பிட்டிருக்கிறார்.

"இதுக்கு ஒட்டே வேணாம்மா" என்றாராம்.

அவள் அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒருதரம் தடவிப் பார்த்திருக்கிறாள். பிறகு தூக்கிக்கொண்டுபோய்ப் பெட்டியின் அடியில் போட்டு, வரிசையாக எட்டு ஆணி அடித்தாளாம்.

"லாரி நிக்குது நைனா."