காகம் அறியாத படையல்

தென்கொரியாவின் ஜெஜு தீவில் சமாதானத்தையே பாடமாக நடத்திச் சம்பளம் வாங்கியவர் பேராசிரியை மியோங்சுன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் ராணுவம் நடத்திய கொலைகளில் தப்பியவர்களைத் தேடி ஊர் ஊராக அலைந்து, அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தே தலை நரைத்துவிட்டது. யார் காட்டிக்கொடுத்தது என்று கூசாமல் கேட்பார். காட்டிக்கொடுத்தவர் வீட்டாரும் வாய் திறந்தால்தான் இந்தப் புண் ஆறும் என்று மேடைக்கு மேடை பேசுவார். கைதட்டலுக்குக் குறைவில்லை.

அந்தத் தீவின் பல வீடுகளைப் போல அவர் வீட்டிலும் காகம் அறியாத படையல் உண்டு. கல்யாணமாகாமல் செத்துப்போன உயிருக்கு, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கிண்ணம் சோறு. காகத்துக்குக்கூடத் தெரியக் கூடாது. அப்பாவின் தம்பிக்கு என்று அம்மா சொல்லியிருந்தார். துருவிக் கேட்பதையே பிழைப்பாகக் கொண்ட மகள் அதை மட்டும் துருவவில்லை. அம்மா போனார், படையலும் நின்றது.

மறுவருடம் வசந்தத்தில், ஓக்பி என்ற மூதாட்டி கல்யாணமாகாமல் செத்த தன் அண்ணன் கிசுவுக்காகச் சாமியாட ஏற்பாடு செய்து, பேராசிரியையையும் அழைத்தார். அந்தக் காலத்தில் பள்ளி மைதானத்தில் சிப்பாய்கள் ஊரை வரிசையாக நிறுத்தினார்கள். தலையில் சாக்கை மாட்டிக்கொண்டு வந்த ஒருவன் விரல் நீட்ட, சுட்டுவிட்டார்கள் கிசுவை. சாக்குக்குள் இருந்தது யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நல்ல வெயில். சாமியாடும் பெண் கிசுவாகி அழுதாள், தங்கையைத் தேடினாள், குளிருகிறது என்றாள். எல்லாம் வழக்கம்தான். பேராசிரியை ஒலிப்பதிவுக் கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அழுகை சட்டென்று நின்றது. அவள் நேரே வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

“உங்கம்மா வருஷா வருஷம் சோறு போட்டா. கதவச் சாத்திக்கிட்டுதான் போட்டா, ஆனாலும் போட்டா. நீ ஏன் நிறுத்திட்டே? எனக்குப் பசிக்குது.”

அவளை அவர் முன்பின் பார்த்ததில்லை. படையலைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை என்பது அவருக்கு எப்போதுமே தெரியும், இப்போதுதான் உறைத்தது.

ஓக்பி மெதுவாகத் திரும்பினார்.

“எங்கண்ணனுக்கு உங்க வீட்டுல எதுக்கும்மா சோறு?”

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேரும் பதவியும் மிஞ்சும். மியோங்சுனுக்குப் பயமாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சாமியாடியின் கண்கள் இமைக்கவே இல்லை.

“சாக்குக்குள்ள இருந்தது எங்கப்பா, பெரியம்மா.”

ஓக்பி எழுந்துபோய், படையலிலிருந்த சோற்றுக் கிண்ணத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

“இனிமே எங்கண்ணனுக்கு நீ சோறு வைக்காதே. அவன் உங்க வீட்டுக்கு வரமாட்டான்.”