சும்மா சொன்னது

புதுசா கைடு வேலைக்கு வர்றவங்களுக்கு இதைச் சொல்லியே ஆகணும். சொல்ல எனக்கு வெக்கமாத்தான் இருக்குது.

போன தை மாசம் ருமேனியாவிலேர்ந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தாங்க. மகள் பேரு இரினா. காலையில ஓட்டல் வாசல்லயே என்னைத் தனியா கூப்பிட்டு இங்கிலீஷ்ல சொன்னாங்க: "தேர்தல் சண்டையில நானும் அம்மாவும் ரொம்ப நாளா பேசிக்கல. இப்போதான் சமாதானமாகி ஒண்ணா வந்திருக்கோம். தயவுசெஞ்சு அரசியல் மட்டும் வேணாம்."

"எனக்கும் அரசியலுக்கும் ரொம்ப தூரம் மேடம்"னேன்.

வைகுண்ட பெருமாள் கோயில்ல நல்லாத்தான் போச்சு. ராஜா வாரிசு இல்லாம செத்துப்போக, ஊர்க்காரங்க தேடிப்போய் ஒரு சின்னப் பையனைக் கூட்டிக்கினு வந்து பட்டம் கட்டின கதை அங்க சுவர்ல சிற்பமா இருக்குது. "பார்த்தீங்களா, எங்க ஊர்ல ராஜாவையே ஜனங்கதான் செலக்ட் பண்ணாங்க"ன்னு நெஞ்சை நிமிர்த்திக்கினு சொன்னேன். ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கினு பார்த்தாங்க.

அங்கேர்ந்து அடுத்த கோயிலுக்குப் போகும்போது வண்டி மாட்டிக்கிச்சு. ஏதோ கட்சி ஊர்வலம், ரோட்டை அடைச்சிட்டாங்க. டிரைவர் குமார் ஸ்டியரிங்ல ஓங்கிக் குத்தினான். "இன்னாண்ணா இது, ஒருத்தனுக்கும் பயமே இல்ல!"

என் வாய் சும்மா இருக்குமா? டிராபிக்ல மாட்டினா கஸ்டமர்கிட்ட விடறதுக்குன்னே ஒரு டயலாக் வெச்சிருந்தேன். "மேடம், எங்க நாட்டுக்கு ஒரு பத்து வருஷம் சர்வாதிகாரி வேணும். அப்போதான் உருப்படும்." வழக்கமா சிரிப்பாங்க. அது அரசியல்னே எனக்குத் தோணல. டீக்கடையில எல்லாரும் சொல்றதுதானே!

அம்மாவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும் போல. கையைத் தட்டினாங்க. என் தோளைத் தட்டி "குட் மேன்"னாங்க. அப்புறம் மகள் பக்கம் திரும்பி அவங்க பாஷையில படபடன்னு பொரிஞ்சு தள்ளினாங்க. இரினா ரெண்டு வார்த்தை பதில் சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

அடுத்த கோயில்ல அம்மா இறங்க மாட்டேன்னுட்டாங்க. செருப்பு விடற இடத்துல நின்னு, என்ன ஆச்சுன்னு இரினாகிட்ட மெதுவா கேட்டேன்.

"இந்தியாவுலயே சர்வாதிகாரி வேணும்னு கேக்கறாங்க, உனக்கு மட்டும் என்ன கேடுங்கறாங்க அம்மா. எங்க நாட்டுல முன்னாடி இருந்த சர்வாதிகார ஆட்சியில எல்லாருக்கும் வேலை இருந்துது, ஒழுங்கு இருந்துதுன்னு அவங்க நினைப்பு. அப்பாவை ஜெயில்ல போட்டதும் அந்த ஆட்சிதான். அதுக்கும் அப்பா மேலதான் தப்பாம், வாயை மூடிட்டு இருந்திருக்கணுமாம்."

"மன்னிச்சிடுங்க மேடம். நான் சும்மாதான் சொன்னேன்."

"எங்க அப்பாவும் சும்மாதான் சொன்னார். ரொட்டி வாங்க வரிசையில நின்னப்போ, தலைவரைப் பத்தி ஒரு ஜோக். யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க."

நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. சாயங்காலம் ஓட்டல்ல இறக்கி விட்டேன். அம்மா முன்னாடி போனாங்க, மகள் பின்னாடி தனியா போனாங்க.

நானும் வீட்டுக்குப் போனேன். நான் பேசினதை யாரும் போட்டுக் குடுக்கல. யாரும் வந்து கதவைத் தட்டல. தட்டுல சூடா தோசை வந்துது. அதைத் தின்னக் கூசிப்போச்சு எனக்கு.

கஸ்டமர்கிட்ட சும்மா பேசறதா நினைச்சிக்கினு எதைக் கேக்கறோம்னு பார்த்துப் பேசுங்கப்பா. இப்பவும் ஊர்வலத்துல வண்டி மாட்டினா, டயலாக் வரும்னு குமார் கண்ணாடியில என்னைப் பார்க்கறான். நான் வெளியே பார்த்துக்கினு இருக்கேன். கொடியைப் புடிச்சிக்கினு கத்திக்கினு போறாங்க.

கத்தட்டும்.