நான் மாற்றி அடித்த ஒரு சொல்

டைப் அடிக்கும் தொழிலில் விரல் வலியைவிட, அடுத்தவர் எழுதியதைப் படிக்கும்போது வரும் வயிற்றெரிச்சல்தான் அதிகம். இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மாடிக்கடையில் உட்கார்ந்து மனு, விண்ணப்பம், கதை என்று எது வந்தாலும் அடித்துக் கொடுத்தேன்.

சிவப்பு அட்டை

குடியுரிமை மனுதான் நிறைய வரும். கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் சிவப்பு அடையாள அட்டையோடு வந்தார். நீல அட்டை இல்லாதவர் இங்கே குடிமகன் இல்லை. என் அம்மாவுக்கும் சிவப்புதான். எதற்காகக் குடியுரிமை கேட்கிறீர்கள் என்ற இடத்தில் என்ன அடிக்கட்டும் என்றேன். அவர் அட்டையை மெஷின் மேல் வைத்தார்.

“பொறந்தது இங்க, பால்மரம் வெட்டினது இங்க, பொண்டாட்டிய எரிச்சது இங்க. இன்னும் என்ன லா எழுதச் சொல்றாங்க, தங்கச்சி?”

ஈனாவின் நோட்டுப் புத்தகம்

ஈனா, தாப்பா ஊருக்குப் பக்கத்து மலைக் கிராமத்துப் பெண். ஒராங் அஸ்லி, இந்த மண்ணின் பூர்வகுடி. ஆஸ்பத்திரியில் வேலை. மலாய் மொழியில் ஒரு கதை எழுதி, பத்திரிகைக்கு அனுப்ப டைப் அடிக்கக் கொண்டுவந்தாள். குடிப்பதற்காக டுரியான் பழமரங்களை விற்ற அப்பன், கோபித்துக்கொண்டு போய்விட்ட அம்மா, ஆளுக்கொரு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். எல்லாம் எங்கள் வீட்டுக் கதைதான் என்று கூசாமல் சொன்னாள்.

நானும் கதை எழுதுகிறவள். என் அப்பா இன்னொருத்தியோடு பாகான் டத்தோவுக்குப் போய்விட்டார். என் கதைகளில் மட்டும் அவர் மேல் மரத்தை விழவைத்துச் சாகடித்திருந்தேன். இவளோ உள்ளதை உள்ளபடி எழுதியதோடு, பக்கத்துக்குப் பக்கம் ‘எங்கள் ஆறு’ என்று வேறு எழுதியிருந்தாள். எங்கள் என்று சொல்ல எனக்கு என்ன இருந்தது? நான் பிறந்த லயத்து வரிசை வீடே தோட்ட முதலாளிக்குச் சொந்தம். ‘எங்கள் ஆறு’ வந்த இடத்திலெல்லாம் ‘அந்த ஆறு’ என்று அடித்தேன். தெரிந்தேதான் அடித்தேன்.

மறுநாள் வந்து படித்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கை தவறிவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை, கோபப்படவும் இல்லை. மலாயில் கேட்டாள்:

“ஆத்தோரம் சர்க்கார்ல அளந்து கல்லு நட்டுட்டாங்க, அக்கா. கதையிலதான் அது இன்னும் எங்களோடது. அதையும் நீங்க எடுத்துட்டா நான் எந்த ஊர்க்காரி?”

அப்பன் வந்தார்

அன்றே உட்கார்ந்து மொத்தத்தையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அவள் கதை அச்சானது. அதே மாதம் என் கதை ஒன்று திரும்பி வந்தது.

சில நாளில் ஈனாவின் அப்பா அந்தப் பத்திரிகையோடு படியேறி வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகளிடம் கேட்கக் கூச்சம். அவர் குடியை, அவர் அடித்த அடியை, எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்தேன். பாதியில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போனால் நல்லது என்றும் நினைத்தேன். போகவில்லை, கடைசி வரி வரை கேட்டார். மகள் எழுதியதைக் கேட்க பஸ் ஏறி வந்த அப்பன். அன்று பட்ட பொறாமைக்கு முன்னால் ஆற்றின் மேல் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை.

பத்திரிகையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்:

“அஞ்சு மரம்னு எழுதியிருக்கா. நாலுதான் வித்தேன். ஒண்ண அவளுக்குன்னு விட்டு வச்சிருக்கேன், சொல்லிடுங்க.”

பொறாமைக்காரர்கள் அடுத்தவர் கதையை டைப் அடிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்திருந்தால், ஈப்போவில் முதலில் வேலை போயிருப்பது எனக்குத்தான்.