சொல்லாமல் வந்த பாட்ரே

இலங்கை ஆமிக்குப் பயந்து வன்னியிலிருந்து ஓடி வந்த குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்து, பல்கலைக்கழகம் போய், இறையியலும் படித்துப் பிரெஸ்பிட்டேரியன் சபையின் போதகரான நான் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் ஆமி. ஆஸ்திரேலிய ஆமிதான். ஆனால் அம்மாவுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை.

"சுடுறதுக்குத் துவக்குத் தருவாங்களோ?"

"இல்லையம்மா. போதகருக்குத் துவக்கு இல்லை."

"துவக்கும் இல்லாமல் ஆமியில என்னடா செய்யப் போறாய்?"

நியாயமான கேள்வி. சிட்னியில் எங்கள் லிட்கம் பக்கத்துக் கடையில் யாராவது விசாரித்தால், மகன் சேர்ச்சில் வேலை என்று மட்டும் சொல்லுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிற அம்மாவுக்கு, நான் வேதக்காரனானதைவிடப் பச்சை உடுப்புத்தான் பெரிய கவலை.

ஆமியில் போதகருக்குப் பெயர் 'பாட்ரே'; முகாமில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பயிற்சியில் ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தார்கள். போரில் ஒருவர் இறந்தால் ஓர் அதிகாரியும் பாட்ரேயும் சீருடையில் அவருடைய வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல புள்ளி. சபையிலோ வேறு பாடம்: நல்ல போதகர் என்றால் குடும்பங்களை வீடு தேடிப்போய்ப் பார்க்க வேண்டும். நம் ஆட்களுக்கு இதையெல்லாம் யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு வீட்டுக்குப் போக நினைத்தால் போவோம். போன் அடித்து நேரம் கேட்பது பல் வைத்தியரிடம் போவதற்கு.

இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் முகாமைச் சேர்ந்த ஒரு கோப்ரல் மத்திய கிழக்கில் போர்ப்பணியில் இருந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சிட்னியில். "தனிய இருக்கிற பிள்ளை, ஒருக்காப் போய்ப் பாப்பம்," என்று அம்மா ஒரு தட்டு நிறைய மட்டன் ரோல்ஸ் பொரித்து, அலுமினியத் தாளால் மூடி எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை முகாம் ஆராதனை முடிந்ததும் சீருடையோடேயே அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கதவைத் தட்டினேன். திரைச்சீலை அசைந்தது. பிறகு உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

"போய்விடுங்கள்," என்றது ஒரு பெண் குரல். "நான் திறக்காவிட்டால் நீங்கள் சொல்ல முடியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஒன்றும் நடக்கவில்லை. சும்மா பார்க்க வந்தேன்," என்றேன்.

"பாட்ரே சும்மா வரமாட்டார்."

இதற்குள் அம்மா தட்டோடு காரிலிருந்து இறங்கி வந்தார். இந்த நாட்டில் துக்கம் நடந்த வீட்டுக்கு அயலவர்கள் இப்படித்தான் மூடிய தட்டில் சாப்பாடு கொண்டுபோவார்கள். ஜன்னலால் அதைக் கண்டதும் உள்ளே அழுகை பெரிதானது.

"ஏன்டா அந்தப் பிள்ளை அழுகுது?"

"மனுசன் செத்துப்போனதெண்டு நினைக்கிறா அம்மா."

"செத்த வீட்டுக்கு ஆராவது ரோல்ஸ் கொண்டு வருவினமோ? சொல்லு அவவுக்கு."

நான் படித்த ஆங்கிலத்தில் அதைச் சொல்ல வழி தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"உங்களோடு நிற்கிற அதிகாரி யார்?"

"அதிகாரி இல்லை. என் அம்மா."

திரைச்சீலை மறுபடியும் அசைந்தது.

"அம்மாவையா கூட்டிக்கொண்டு வந்தீர்கள்?"

"ஓம்," என்று பதற்றத்தில் தமிழிலேயே சொன்னேன்.

கதவு திறந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் சேலையையும் ரப்பர் செருப்பையும் பார்த்துவிட்டு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா தட்டை என் கையில் தந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். சாவுச் செய்தி கொண்டு வருகிறவர்கள் அதையும்தான் செய்வார்கள். என் கணவரின் குரலைக் கேட்கும்வரை நீங்கள் போகக் கூடாது."

பின்னேரம் கணவர் அழைப்பது வழக்கமாம். அம்மா கேளாமலே குசினிக்குள் போய்த் தேநீர் போட்டார். பிள்ளைகள் ரோல்ஸைத் தக்காளி சோஸில் தோய்த்துத் தின்றார்கள். நான் கதிரையின் நுனியில் இருந்தேன்.

வீடியோ அழைப்பு வந்தது. கணவரின் முகத்தைக் கண்டதும் மனைவி அழத் தொடங்கினார். அழுதபடியே போனை என் பக்கம் திருப்பினார். திரையில் சிரித்துக்கொண்டிருந்த முகம் என் சீருடையைக் கண்டு அப்படியே நின்றது.

"எந்தப் பிள்ளை?" என்றார் கோப்ரல்.

மனைவி போனைத் திருப்பிப் பிள்ளைகளின் சோஸ் பூசிய முகங்களைக் காட்டினார். இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வாங்கிய பிறகு, பாட்ரேயிடம் போனைக் கொடு என்றார் கோப்ரல். முகாமில் என் காதுபடக் கெட்ட வார்த்தை பேச வந்தவர்கள் பாதியில் விழுங்கிவிடுவார்கள். அன்று ஒன்றையும் விழுங்காமல் ஒருவர் எனக்குச் சொன்னார். மனைவி தடுக்கவில்லை.

ஆங்கிலம் விளங்காத அம்மா என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

"பொடியன் நல்லாக் கதைக்கிறான். சாப்பிட்டானோ எண்டு கேள்."