நாற்பத்தெட்டு நாள் சாமி

போன திங்கட்கிழமை காலை. பக்கத்து வீட்டுச் செல்வி என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அண்ணே, நீங்கதானே அவருக்கு மாலை போடச் சொன்னீங்க?"

ஆமாம் என்றேன்.

போய்விட்டாள். அவ்வளவுதான் பேச்சு. ஒரு வாரமாக அது காதில் நிற்கிறது. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

செல்வியின் புருஷன் தேவன் டிரெய்லர் ஓட்டுகிறவன். எண்ணூர் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் இழுப்பான். ரெண்டு வருஷம் முன்னாடி பைக்கில் வந்த ஒருவர் சறுக்கி இவன் பின் டயரில் விழுந்தார். தேவன் மேல் தப்பில்லை என்று போலீசே எழுதிக்கொண்டது. ஆனால் தூக்கம் போய்விட்டது. தூங்கக் குடித்தான். பிறகு எழுந்திருக்கக் குடித்தான்.

முதலாளி கெட்டவர் இல்லை. "ட்ரீட்மெண்ட் முடிச்சு டாக்டர் லெட்டர் கொண்டா. மூணு மாசம் உன் வண்டிய யாருக்கும் தர மாட்டேன்" என்றார்.

தண்டையார்பேட்டையில் ஒரு பகல் நேர சென்டர். காலை ஒன்பது மணிக்குப் போகணும். மிஷினில் ஊதிக் காட்டணும். குடிக்கு ஒரு மாத்திரை, மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை. கவுன்சிலிங். வட்டமாக உட்கார்ந்து பேச்சு. சாப்பாடு. மறுபடி பேச்சு... நாலு மணிக்கு வீட்டுக்கு. இப்படி மூணு மாசம்.

நான் குடியை விட்டது பூட்டின கேட்டுக்குள்ளே, ஆஸ்பத்திரியிலேயே தங்கி. பழைய வாசகர்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தார். நாலு மணிக்கு மேலே தேவனுக்கு யார் வாட்ச்மேன்?

திருவொற்றியூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் ஒயின்ஷாப். அப்புறம்தான் எங்கள் தெரு. மூணாம் நாள் அங்கே பாபு நின்றிருந்தான். தேவனோடு அதே கண்டெய்னர் யார்டில் வண்டி ஓட்டுகிற தோஸ்து.

"இன்னா மாமு, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போய்கினு கீறியாமே? நெஜமாவா?"

"அத்தெல்லாம் இல்லடா."

"அப்ப வா. ஒரு கட்டிங் வுடு. நீ பைத்தியம் இல்லன்னு நாங்க நம்பறோம்."

நம்ப வைத்துவிட்டு வந்தான். மறுநாள் காலை ஊதினான். மிஷின் கத்தியது. திரும்ப ஒண்ணாம் நாள்.

அந்த வாரம் கார்த்திகை பிறந்தது. நான்தான் யோசனை சொன்னேன். "மாலை போட்டுக்கோ தேவா. மலைக்குப் போறவன எவன் கூப்பிடுவான்?"

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழி இது. வருஷம் பூரா குடிக்கிறவன்கூட ஐயப்பனுக்கு மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் தொட மாட்டான். தேவனே ஆறு வருஷம் போட்டவன்.

கறுப்பு வேட்டி, வெறுங்கால், நெற்றியில் சந்தனம். அப்படியே சென்டருக்குப் போனான். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அதே பாபு... கிளாஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"சாமி, அந்தாண்ட போங்க சாமி. இந்தாண்ட கலீஜா கீது." பக்கத்தில் இருந்தவனை அதட்டினான். "டேய், சாமி வருது, வாய மூடு!"

போன வாரம் பைத்தியம். இந்த வாரம் சாமி. ஆள் அதே ஆள்தானே?

எனக்குப் பெருமை. செல்வி பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

சனிக்கிழமைகளில் நான் அந்த சென்டருக்குப் போய் உட்காருவது வழக்கம். வட்டத்தில் ஒவ்வொருத்தரும் குடிக்காத நாளைச் சொல்வார்கள். "பன்னெண்டு நாள்." "முப்பது நாள்." தேவன் முறை வந்தது.

"நாப்பத்தெட்டுல இன்னும் இருபத்தேழு நாள் கீது மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கவுன்சிலர் அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்களுமா சார்?" என்றார்.

அப்போது எனக்கு விளங்கவில்லை. எட்டாவதோடு நின்ற புத்தி.

தேவன் இருமுடி கட்டி, மலைக்குப் போய் வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் மாலையைக் கழற்றினான். மதியம் பாபு வந்தான் — கையில் பிரியாணி, ஒரு ஃபுல். மாலை கழற்றினவனுக்கு தோஸ்துகள் வைக்கிற விருந்து. வருஷா வருஷம் உண்டு. அது என் நினைவுக்கே வரவில்லை. இத்தனைக்கும் அந்த விருந்துகளில் நானும் ஒரு காலத்தில் உட்கார்ந்தவன்.

"நாப்பத்தெட்டு நாளு தாங்குனியே நைனா! வா, வா."

செல்வி குறுக்கே நின்றாள். "சென்டரு முடிய இன்னும் ஒண்ணரை மாசம் கீதுண்ணா."

"மலைக்கே போய்ட்டு வந்தாச்சு. அப்பால இன்னாமா சென்டரு?"

தேவன் பாபு பின்னாலேயே போனான்.

அவன் குடித்த பேச்சு யார்டில் பரவ ஒரு நாள் போதாதா? செவ்வாய்க்கிழமை முதலாளி வண்டிச் சாவியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். இன்னொரு மூணு மாசம் வண்டியை நிறுத்தி வைக்க அவரால் முடியாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பாபுவைத் தேடிப் போனேன். அடிக்கிற கோபம்.

"ட்ரீட்மெண்ட்ல இருக்கறவனுக்கு ஊத்துவியாடா?"

அவன் நிஜமாகவே முழித்தான்.

"தோ பாரு அண்ணாத்த. ஆஸ்பத்திரியான்னு நான் கேட்டேன். இல்லன்னான். நீ சாமின்னு இட்டுக்கினு வந்த. சாமின்னு ஒதுங்கி நின்னேன். நோவுன்னு எனக்கு யாரு சொன்னா?"

நோயை நோய் என்று சொல்ல வெட்கப்பட்டோம். கறுப்புத் துணியால் மூடினோம். மூடச் சொன்னவன் நான். துணிக்கு நாற்பத்தெட்டு நாள்தான் ஆயுசு. நோய்க்கு அப்படியா?

வெள்ளிக்கிழமை தேவன் மறுபடி சென்டருக்குப் போனான். வண்டி இல்லை, லெட்டர் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. இருந்தாலும் போனான். நானும் கூடப் போய், நாலு மணிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினோம். பாபு இருந்தான்.

"இன்னா மாமு, திருப்பியும் சென்டரா?"

தேவன் நின்றான். ரோட்டில், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்.

"ஆமாடா. எனக்கு நோவு. குடி நோவு. மனசும் சரியில்ல. மாத்தர துண்றேன். குடிச்சா செத்துருவேன்."

யாரும் சிரிக்கவில்லை. பாபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பு இல்லை.

"பாவம்டா மாமு நீ" என்றான். கையில் இருந்த கிளாஸை நீட்டினான்.

தேவன் வாங்கவில்லை. அன்றைக்கு வாங்கவில்லை.

எங்கள் ஊரில் சாமிக்குப் பயப்படுவான். சீக்காளிக்கு ஊற்றிக் கொடுப்பான்.